படிக்கிற பிள்ளைகள் கையில் அம்மாவைக் கொடுத்துவிடுவார்களா?

தம்பி, உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன், பிழை இருந்தால் திருத்துங்கள். அம்மாவுக்கு 54 வயது, மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் தேயிலைக் கொழுந்து எடுக்கிறவர். கழுத்தில் பத்துப் பன்னிரண்டு வருஷமாகக் கழலை, இப்போது சோறு விழுங்கும்போது அடைக்கிறது. கண்டிப் பக்கத்துப் போதனா வைத்தியசாலை (மருத்துவ மாணவர்கள் படிக்கிற அரசாங்க ஆஸ்பத்திரி) ஒன்றில் ஸ்கேன், ஊசி டெஸ்ட் எல்லாம் முடிந்து, கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பி முழுவதையும் எடுக்க வேண்டும் என்று ஒபரேஷனுக்குத் திகதி கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் கொழும்பில் கடையில் வேலை. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில் உள்ளவர்கள் "அங்க படிக்கிற புள்ளைங்கதான் வெட்டிப் பழகும்" என்று பயம் காட்டுகிறார்கள். போதாக்குறைக்கு கிளினிக்கில் யாரோ ஒரு பிள்ளை வந்து ஆராய்ச்சிக்கு என்று ஒரு தாளை நீட்ட, அம்மா மிரண்டுபோய் "மகன்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்" என்று திரும்பி வந்துவிட்டார். சங்கிலியை அடகு வைத்துக் கொழும்பில் பிரைவேட்டில் செய்துவிடலாமா என்பது உங்கள் முதல் கேள்வி, அந்த ஆராய்ச்சித் தாளில் கையெழுத்து வைக்கலாமா என்பது இரண்டாவது.

சங்கிலியை அடகு வைக்க வேண்டாம். அம்மா அந்தப் பிள்ளையிடம் சொன்ன பதில் மிகச் சரியான பதில், அதைச் சொன்னதற்காக அவரை யாரும் ஏசக்கூடாது. மற்றதை விளக்கமாகச் சொல்கிறேன். நான் தலவாக்கலைப் பக்கத்து லயத்தில் பிறந்து, போதனா வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை வாட்டில் மட்டும் 23 வருஷம் நர்ஸாக இருந்த ஆள். இந்தப் பயத்தை நூறு தாய்மார் முகத்தில் பார்த்திருக்கிறேன்.

முதலில் கத்தி யார் கையில் என்பது. வாட்டில் வெள்ளைக் கோட்டோடு கூட்டமாக வருகிறவர்கள் எல்லாரும் ஒன்றல்ல. மருத்துவ மாணவர் என்றால் இன்னும் டொக்டர் ஆகாதவர், அவர் கேள்வி கேட்பார், கழுத்தைத் தொட்டுப் பார்ப்பார், ஒபரேஷன் தியேட்டருக்குள் வந்தால் ஓரமாக நின்று பார்ப்பார், மிஞ்சிப்போனால் கை கழுவி நின்று வெட்டின இடத்தை விரித்து வைக்கிற கொக்கியைப் பிடிப்பார். வெட்ட மாட்டார். அடுத்தது இன்டர்ன், 5 வருஷம் படித்து முடித்து ஒரு வருஷப் பயிற்சியில் இருக்கிற டொக்டர், வாட்டில் இரவு பகலாக ஓடுவது இவர்தான். அதற்கு மேலே ரெஜிஸ்ட்ரார், சீனியர் ரெஜிஸ்ட்ரார். இவர்கள் பல வருஷம் டொக்டராக வேலை செய்து, கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தின் பரீட்சை பாஸ் பண்ணி, சத்திரசிகிச்சை நிபுணர் ஆகிறதற்குப் பயிற்சியில் இருப்பவர்கள். எல்லாருக்கும் மேலே கன்சல்டன்ட், பயிற்சி முடித்த நிபுணர், பெரிய டொக்டர்.

ஒளிக்காமல் சொல்கிறேன், ஒபரேஷனில் ஒரு பகுதியை ரெஜிஸ்ட்ரார் செய்யக்கூடும். கன்சல்டன்ட் எதிரே நின்று ஒவ்வொரு முடிச்சையும் பார்த்துக்கொண்டிருப்பார். இன்றைக்கு ஹட்டனிலும் பதுளையிலும் கத்தி பிடிக்கிற சர்ஜன்மார் எல்லாரும் ஒரு காலத்தில் அப்படி யாரோ ஒரு அம்மாவின் கழுத்தில், யாரோ ஒருவரின் கண்ணுக்கு முன்னால் படித்தவர்கள்தான். உங்களுக்கு மனம் ஆறவில்லை என்றால் கேளுங்கள்: "யார் செய்வாங்க, பெரிய டொக்டர் பக்கத்துல இருப்பாரா?" இந்தக் கேள்விக்கு யாரும் கோபப்பட மாட்டார்கள். கோபப்பட்டாலும் பரவாயில்லை, பதில் கிடைத்தால் போதும். அதே மாதிரி, பத்துப் பன்னிரண்டு மாணவர்கள் கட்டிலைச் சுற்றி நின்று ஒருத்தர் மாறி ஒருத்தர் கழுத்தைத் தடவுவது அம்மாவுக்குச் சங்கடமாக இருந்தால், "போதும் புள்ள, களைப்பா இருக்கு" என்று சொல்லலாம், பெண் பிள்ளைகள் மட்டும் பார்க்கட்டும் என்றும் சொல்லலாம். அதற்காக சிகிச்சையில் குறை வைக்க முடியாது.

இப்போது அந்தக் கூட்டத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒரு ராத்திரியைச் சொல்கிறேன். பல வருஷத்துக்கு முந்தியது. இதே ஒபரேஷன் செய்த ஒரு தோட்டத்து அம்மா, நாற்பது வயதுக்குக் கிட்ட. மத்தியானம் தியேட்டரிலிருந்து வந்தவர், அரை மணித்தியாலத்துக்கு முன் நான்தான் பிரஷர் பார்த்தேன், சரியாக இருந்தது, கழுத்திலிருந்து வருகிற டியூப் போத்தலிலும் இரத்தம் கொஞ்சம்தான். நான் வாட்டின் மற்றக் கோடியில் சேலைன் மாற்றிக்கொண்டிருக்கிறேன். மட்டக்களப்புப் பையன் ஒருவன், மூன்றாம் வருஷமோ நாலாம் வருஷமோ, மறுநாள் ரவுண்டில் அந்த அம்மாவின் கேஸைச் சொல்ல வேண்டும் என்பதற்காக ராத்திரி ஒன்பது மணிக்கும் கொப்பியோடு நிற்கிறான். அவன் என்னவோ கேட்க, அம்மா சொன்னது: "ஒண்ணுமில்ல தம்பி, ரவிக்க இறுக்கிப் புடிக்கிற மாதிரி இருக்கு." அவன் ஒரு நிமிஷம் யோசித்திருக்கிறான். அம்மா போட்டிருந்தது வாட்டுக் கவுன், கழுத்தில் ரவிக்கை ஏது? ஓடி வந்து என்னைக் கூப்பிட்டான். போய்ப் பார்த்தால் பிளாஸ்டரின் ஓரம் பளபளவென்று வீங்கியிருக்கிறது, மூச்சில் லேசாக ஒரு விசில் சத்தம். உள்ளே இரத்தம் கட்டி மூச்சுக் குழாயை நெருக்குகிறது. அந்த மாதிரி நேரத்தில் தியேட்டருக்குத் தூக்கிக்கொண்டு ஓட அவகாசம் இருக்காது, இன்டர்ன் வந்து கட்டிலிலேயே தையலை வெட்டித் திறந்துவிட்டார், கட்டியான இரத்தம் வெளியே வந்ததும் அம்மா ஒரு பெருமூச்சு விட்டார் பாருங்கள், அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. பிறகு தியேட்டருக்குக் கொண்டுபோய் இரத்தம் வந்த இடத்தைக் கட்டினார்கள். ஐந்தாம் நாள் நடந்து பஸ் ஏறினார்.

தைரொயிட் ஒபரேஷன் செய்த கட்டிலுக்குப் பக்கத்தில் தையல் வெட்டுகிற சாமான் தயாராக இருப்பது இதற்குத்தான். இது அடிக்கடி நடக்கிற விஷயம் இல்லை, நூறு பேரில் ஒருவருக்கு என்ற கணக்கில்தான். ஆனால் நடந்தால் பெரும்பாலும் முதல் 24 மணித்தியாலத்துக்குள் நடக்கும், அந்த நேரத்தில் வாட்டில் ஆள் இருக்க வேண்டும். பிரைவேட்டில் அறை அழகாக இருக்கும், கட்டிலுக்குத் திரை இருக்கும், அங்கே உங்கள் அம்மாவுக்கு ஒபரேஷன் செய்யப்போவதும் பகலில் அரசாங்க வைத்தியசாலையில் வேலை செய்கிற அதே மாதிரி ஒரு கன்சல்டன்ட்தான். ராத்திரி இரண்டு மணிக்கு அவர் வீட்டில் இருப்பார். போதனா வைத்தியசாலையில் அந்த நேரத்திலும் இன்டர்ன் இருப்பார், அவருக்கு மேலே ஒருவர் இருப்பார், மயக்க மருந்து டொக்டர் இருப்பார், தியேட்டர் திறந்திருக்கும். நான் பிரைவேட்டைக் குறை சொல்லவில்லை, எல்லா ஒபரேஷனுக்கும் இது பொருந்தும் என்றும் சொல்லவில்லை. கழுத்து ஒபரேஷனுக்கு நான் கூட்டம் உள்ள இடத்தைத்தான் எடுப்பேன், என் தங்கச்சிக்கு அப்படித்தான் எடுத்தேன்.

அந்த ராத்திரியில் இன்னொன்றும் இருக்கிறது. அந்தப் பையனுக்குத் தமிழ் தெரிந்திருந்தது. எங்கள் சனம் பெரிய ஆஸ்பத்திரியில் படுகிற பாட்டில் பாதி நோயால் இல்லை, பேச்சால். வலி இருக்கா என்று சிங்களத்தில் கேட்டால் "நே, நே" என்று தலையாட்டுவார்கள், ஏனென்றால் டொக்டர் மாத்தயாவுக்கு (ஐயாவுக்கு) கரைச்சல் கொடுக்கக் கூடாது. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பிரட்டுக்களத்தில் நின்று பழகிய பணிவு, அதை வாட்டுக்கும் கொண்டுவந்துவிடுவார்கள். யாழ்ப்பாணத்து மாணவருக்கும்கூட சில வேளை நம் பேச்சு பிடிபடாது, "நெஞ்சு கரிக்குது" என்றால் ஒரு அர்த்தம், "நெஞ்சு அடைக்குது" என்றால் வேறு அர்த்தம், இரண்டையும் ஒன்றாக எழுதிக்கொண்டு போன பிள்ளையை நான் கண்டிருக்கிறேன். 1987இல் வந்த 13ஆம் திருத்தத்திலிருந்து தமிழும் இந்த நாட்டின் ஆட்சிமொழி. எனவே கையெழுத்து வைக்கிற தாளைத் தமிழில் கேட்பது பிச்சை கேட்பது அல்ல. தமிழில் தாள் இல்லை என்றால் தமிழ் தெரிந்த ஒரு நர்ஸ் மிஸ்ஸையோ டொக்டரையோ கூப்பிட்டு வாசித்துக் காட்டச் சொல்ல வேண்டும். கூட்டித் துடைக்கிற அக்காவை வைத்து மொழிபெயர்ப்பது எங்கும் நடக்கிறது, அவசரத்துக்கு அது உதவும், கையெழுத்துக்கு உதவாது.

அம்மாவுக்கு மூன்று சிங்கள வார்த்தையாவது மனப்பாடமாக இருக்கட்டும், அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும், ஆனால் மயக்கம் தெளிகிற நேரத்தில் வாயில் வர வேண்டும். "ஹுஸ்ம கன்ன பே" என்றால் மூச்சு எடுக்க ஏலாது. "ரிதெனவா" என்றால் வலிக்கிறது. "ஹிரிவெட்டெனவா" என்றால் விறைக்கிறது, மரத்துப்போகிறது. இந்த மூன்றாவது வார்த்தை இந்த ஒபரேஷனுக்கு மிக முக்கியம், ஏன் என்று சொல்கிறேன்.

தைரொயிட்டுக்குப் பின்பக்கம் ஒட்டிக்கொண்டு அரிசி மணி அளவில் நாலு சின்னச் சுரப்பிகள் இருக்கும். உடம்பில் கல்சியம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்வது அவைதான். பெரிய கழலையை எடுக்கும்போது அவை கலங்கிப்போகலாம், இரத்த ஓட்டம் குறைந்து கொஞ்ச நாள் வேலை செய்யாமல் இருக்கலாம். அப்போது கல்சியம் இறங்கும், வாயைச் சுற்றியும் விரல் நுனியிலும் எறும்பு ஊர்கிற மாதிரி, விறைக்கிற மாதிரி இருக்கும், கூடினால் கை இழுத்துப் பிடிக்கும். இது பெரும்பாலும் ஒபரேஷன் முடிந்து ஒரு நாளிலிருந்து மூன்று நாளுக்குள் வரும், அதாவது டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பிய பிறகும் வரலாம். தோட்டத்தில் "பலவீனம்தான், ஒரு சோடா குடி" என்று விட்டுவிடுவார்கள். விடக்கூடாது. உடனே பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போய்க் கழுத்துத் தழும்பைக் காட்டி விஷயத்தைச் சொன்னால் போதும், கல்சியம் கொடுத்தால் கண்ணுக்கு முன்னால் சரியாகும். வாகனம் இல்லை என்றால் 1990க்கு அடியுங்கள், சுவசரிய அம்புலன்ஸ் இலவசம். அநேகருக்கு இது சில கிழமையில் தானாகச் சீராகிவிடும், சிலர் மட்டும் நீண்ட காலம் கல்சியம் குடிக்க வேண்டி வரும்.

மற்றது குரல். குரலை ஆட்டுகிற நரம்பு இரண்டும் தைரொயிட்டை உரசிக்கொண்டு போகிறது. ஒபரேஷனுக்குப் பிறகு தொண்டை கட்டினது மாதிரி இருப்பது சாதாரணம், மயக்கத்துக்கு வைத்த டியூப்பாலும் அப்படி இருக்கும். நரம்பு நிரந்தரமாகக் கெடுவது நூறில் ஒன்றிரண்டு பேருக்கு. உங்கள் அம்மா கோயிலில் பாடுகிறவரா, கொழுந்து மலையில் ஆட்களைக் கூப்பிட்டுச் சத்தம் போடுகிறவரா, அதை முன்கூட்டியே சர்ஜனிடம் சொல்லுங்கள். ஒபரேஷனுக்கு முன் காது மூக்குத் தொண்டை டொக்டரிடம் அனுப்பிக் குரல் நாணைப் பார்ப்பார்கள், அந்தச் சீட்டை அலட்சியமாக விட்டுவிட வேண்டாம்.

கழலை எங்கள் மலைச்சனத்துக்குப் புதிய நோய் இல்லை. மழை மண்ணிலிருந்த அயடினைக் கழுவிக்கொண்டு போய்விடும், அந்த மண்ணில் விளைகிறதைத் தின்றால் அயடின் போதாது, கழுத்து வீங்கும். 1995இல் இலங்கையில் உப்பில் அயடின் சேர்ப்பது கட்டாயமான பிறகு நிலைமை நன்றாக மாறிவிட்டது, இப்போது வருகிற கழலைக்கு வேறு காரணங்களும் உண்டு. சுவிற்சலாந்தும் மலைநாடுதான், அங்கேயும் ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் கழலை. பேர்ன் நகரத்தில் தியோடர் கொக்கர் என்று ஒரு சர்ஜன். தைரொயிட் ஒபரேஷன் என்றால் சாவு என்றிருந்த காலத்தில், இரத்தம் சிந்தாமல் மெதுவாக, சுத்தமாகச் செய்து, சாகிறவர்களை நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாக்கிய மனிதர். 1909இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் அவர் செய்ததில் எனக்குப் பிடித்தது வேறு. 1874இல் ஒரு சிறுமிக்குக் கழலையை முழுவதும் எடுத்தார், புண் அழகாக ஆறியது, வெற்றி என்று நினைத்தார். பிறகு தெரிய வந்தது, அந்தப் பிள்ளை வளரவில்லை, மந்தமாகிவிட்டது, இளைய தங்கச்சி அவளைவிட உயரமாகிவிட்டாள். 1883இல் அவர் தன் பழைய நோயாளிகளைத் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தார். முழுவதும் எடுத்தவர்களில் அநேகம் பேர் அதே மாதிரி ஆகியிருந்தார்கள். அப்போதுதான் உலகத்துக்கு விளங்கியது, அந்தச் சுரப்பி இல்லாமல் மனிதன் மனிதனாக இருக்க முடியாது என்று. தன் கையால் நடந்த கெடுதலைத் தானே எழுதி வெளியிட்டார். உங்கள் அம்மாவுக்குச் சுரப்பியை எடுத்த பிறகு ஆயுளுக்கும், அந்தச் சுரப்பிக்குப் பதிலாக, தைரொக்சின் மாத்திரை கொடுக்கப்போகிறார்களே, அந்த மாத்திரையின் கதை அங்கேதான் தொடங்குகிறது, திரும்பி வந்து தங்களைக் காட்டிய நோயாளிகளிடம்.

இதை ஏன் இழுத்தேன் என்றால், உங்கள் இரண்டாவது கேள்விக்காக. ஆராய்ச்சி என்ற சொல்லைக் கேட்டதும் நம் ஆட்களுக்கு எலி ஞாபகம் வருகிறது. போதனா வைத்தியசாலையில் நடக்கிற ஆராய்ச்சியில் பெரும்பகுதி, திரும்பக் கூப்பிட்டுப் பார்க்கிற இந்த வேலைதான். எத்தனை பேருக்குக் கல்சியம் குறைந்தது, எத்தனை பேர் குரல் மாறியது, தோட்டத்திலிருந்து வருகிறவர்கள் ஏன் இவ்வளவு பிந்தி வருகிறார்கள், இப்படி. அம்மாவிடம் கேள்வி கேட்டு எழுதுவார்கள், எப்படியும் எடுக்கிற இரத்தத்தோடு இன்னொரு கரண்டி அதிகமாக எடுப்பார்கள், ஆறு மாதம் கழித்து போன் பண்ணுவார்கள்.

வேறொரு வகையும் உண்டு, இரண்டு சிகிச்சையில் எது நல்லது என்று பார்க்கிறது. அதில் யாருக்கு எது என்று டொக்டர் தீர்மானிக்க மாட்டார், குலுக்கல் போடுவார்கள். அம்மாவுக்கு விளங்கப்படுத்துவது சுலபம், லயத்தில் பிடிக்கிற குலுக்கல் சீட்டு மாதிரிதான், கங்காணி மனைவிக்கு முதலில் விழட்டும் என்று யாரும் கை வைக்க ஏலாது. டொக்டரே தெரிவு செய்தால் தன்னை அறியாமலே சுகமாக இருப்பவர்களை ஒரு பக்கமும் ஏலாதவர்களை மறுபக்கமும் போட்டுவிடுவார், கணக்குப் பிழைத்துவிடும். இந்த வகை ஆராய்ச்சியைப் பதிந்து வைக்க இலங்கையில் 2006இலிருந்து ஒரு பதிவேடு இருக்கிறது.

எந்த வகையாக இருந்தாலும் இரண்டு தாள் வேறு வேறு என்பதை அம்மாவுக்குத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ஒன்று ஒபரேஷனுக்கான சம்மதம், அது இல்லாமல் தியேட்டருக்குள் எடுக்க மாட்டார்கள். மற்றது ஆராய்ச்சிக்கான சம்மதம், அது இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது, ஒபரேஷன் திகதி ஒரு நாள்கூடப் பிந்தாது, பிந்தக் கூடாது. ஆராய்ச்சித் தாளோடு ஒரு விளக்கப் பத்திரமும் தர வேண்டும். என்ன செய்யப்போகிறார்கள், அதனால் என்ன கரைச்சல் வரலாம், பெயரை வெளியிடுவார்களா, யாரைப் போனில் கேட்கலாம், எந்த ஒழுக்கநெறிக் குழு அனுமதி கொடுத்தது, இவ்வளவும் அதில் இருக்கும். இன்றைக்குச் சம்மதித்து நாளைக்கு வேண்டாம் என்று விலகலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. விளக்கப் பத்திரம் தராமல் கையெழுத்து மட்டும் கேட்கிறவருக்கு, அவர் எவ்வளவு சிரித்துப் பேசினாலும், போட வேண்டாம். தந்தால் அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள், வாசித்துவிட்டு நீங்களும் அம்மாவும் முடிவு செய்யுங்கள். என்னைக் கேட்டால் கேள்வியும் இரத்தமும் மட்டும் என்றால் போடச் சொல்வேன். மலையகத்துப் பெண்களின் உடம்பைப் பற்றி மற்றவர்கள் ஊகத்தில் பேசுகிறது போதும் என்பது என் அபிப்பிராயம். வாசிக்கத் தெரியாமல் கைநாட்டு வைக்கிறதாக இருந்தால் பக்கத்தில் வாசித்துக் காட்ட, ஆராய்ச்சிக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் சாட்சியாக இருக்க வேண்டும்.

வாட்டுக்குப் போகுமுன் செய்கிற வேலைகளில் மற்றவர்கள் சொல்லாத இரண்டு மூன்றை மட்டும் சொல்கிறேன், சோப்பு, போர்வை, பிளாஸ்க் எல்லாம் உங்களுக்கே தெரியும்.

பெயர். நம் தோட்டங்களில் அடையாள அட்டையில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர். அட்டையில் இராமாயி, லயத்தில் புஷ்பா. லெட்சுமி என்ற பெயரை கிளாக்மார் எழுதுகிற விதங்களை எண்ணினால் கை விரல் போதாது, ஒரே நாளில் ஒரே வாட்டில் மூன்று லெட்சுமி இருந்ததுண்டு. தியேட்டர் வாசலில் பெயர் என்ன, என்ன ஒபரேஷன், எந்தப் பக்கம் என்று மூன்று நாலு தடவை கேட்பார்கள், "இவங்களுக்கு மறதியா?" என்று அம்மாவுக்குக் கோபம் வரும். அது வேண்டுமென்றே கேட்கிறது. மயக்கம் கொடுக்க முன், வெட்ட முன், வெளியே கொண்டுவர முன் என்று மூன்று கட்டமாகச் சரிபார்க்கிற பட்டியலை உலக சுகாதார அமைப்பு கொண்டுவந்தது. 2009இல் வெளியான ஆய்வில், எட்டு நாடுகளில் எட்டு ஆஸ்பத்திரிகளில் அதைப் பின்பற்றியபோது ஒபரேஷன் மரணம் 100க்கு 1.5ஆக இருந்தது 0.8ஆகக் குறைந்தது, சிக்கல்கள் 11இலிருந்து 7ஆகக் குறைந்தது. புது மெஷின் இல்லை, புது மருந்து இல்லை, பெயரைக் கேட்டு வாய்விட்டுச் சொன்னதுதான். எனவே அட்டையில் உள்ள பெயரையே அம்மா எப்போதும் சொல்லட்டும், கிளினிக் கொப்பியிலும் டிக்கட்டிலும் அதே எழுத்து இருக்கிறதா என்று நீங்கள் ஒருமுறை பாருங்கள்.

தாலி. கழுத்து ஒபரேஷன், எனவே மஞ்சள் கயிறுகூட இருக்க முடியாது, தியேட்டரில் இரத்தத்தை அடைக்கக் கரண்ட் பாவிப்பார்கள், உலோகம் பட்டால் சுடும். தியேட்டர் வாசலில், தள்ளுவண்டியில் படுத்துக்கொண்டு, யாரோ தெரியாத பிள்ளை கத்தரிக்கோலோடு வந்து "அம்மே, மேக கலவன்ன" என்று சொல்லும்போது நம் பெண்கள் உடைந்துபோகிறார்கள், பிரஷர் ஏறி ஒபரேஷனையே தள்ளிப்போட்டதைக் கண்டிருக்கிறேன். வீட்டில், சாமி படத்துக்கு முன்னால், அப்பா இருக்கும்போதே கழற்றி அப்பா கையில் கொடுத்துவிட்டு வரச் சொல்லுங்கள். நாற்பது வருஷம் கழற்றாத மூக்குத்தி என்றால் முதல் நாளே சவர்க்காரம் போட்டுப் பாருங்கள், திருகு வரவே வராவிட்டால் வாட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வெற்றிலை. மயக்க மருந்து டொக்டர் வந்து வாயை அகலத் திறக்கச் சொல்வார். வருஷக்கணக்காக வெற்றிலை, பாக்கு, புகையிலை போடுகிறவர்களுக்கு வாய் இறுகிப்போய் இரண்டு விரல்கூட நுழையாது, மூச்சு டியூப் வைப்பது பெரிய பாடாகிவிடும், அதற்கு மேல் கழலை வேறு குழாயை ஒரு பக்கம் தள்ளியிருக்கும். போடுகிற பழக்கத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். போன காலோடு வாய்க்குள் வெள்ளையாகவோ புண்ணாகவோ ஏதாவது இருந்தால் காட்டிவிடுங்கள், இந்த நாட்டில் ஆண்களுக்கு அதிகமாக வருகிற புற்றுநோய் வாய்ப் புற்றுநோய், அப்பாவையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போனாலும் நல்லதுதான்.

சாப்பாடு நிறுத்தச் சொன்ன நேரத்தை அப்படியே கேளுங்கள். வழக்கமாக 6 மணித்தியாலத்துக்கு முன் சாப்பாடு நிற்கும், வெறும் தண்ணீர் 2 மணித்தியாலம் வரைக்கும் விடுவார்கள். பால் போட்ட தேத்தண்ணி தண்ணீர்க் கணக்கில் வராது, சாப்பாட்டுக் கணக்கு. "பசியோட எப்படி இருப்பா" என்று பக்கத்துக் கட்டில் அக்கா இரக்கப்பட்டுக் கொடுக்கிற அரை கப் பால் தேத்தண்ணியால் எத்தனையோ ஒபரேஷன் அன்றைக்கு நின்றிருக்கிறது. மயக்கத்தில் வாந்தி எடுத்து அது நுரையீரலுக்குள் போனால் ஆபத்து.

திகதி தள்ளிப்போகலாம், அதற்கும் மனதைத் தயார் பண்ணிக்கொள்ளுங்கள். விபத்துக் கேஸ் வந்தால் தியேட்டர் அவர்களுக்குத்தான். 2022 மார்ச் கடைசியில் மருந்துத் தட்டுப்பாட்டால் பேராதனைப் போதனா வைத்தியசாலையில் முன்கூட்டித் திகதி கொடுத்த ஒபரேஷன்களையே நிறுத்தி, அவசரக் கேஸ் மட்டும் செய்தார்கள், பேப்பரில் எல்லாம் வந்ததுதான். இப்போது அந்த நிலைமை இல்லை. ஆனாலும் பொகவந்தலாவையிலிருந்து விடிய முன் பஸ் பிடித்து, ஹட்டனில் மாறி, நாவலப்பிட்டி, கம்பளை என்று குலுங்கிப் போய்ச் சேர்ந்த பிறகு "இன்றைக்கு இல்லை" என்றால் அழுகை வரும், ஒரு நாள் பேரும் (நாள் சம்பளமும்) போய்விடும். முதல் நாள் வாட்டுக்குப் போன் பண்ணிக் கேட்டுவிட்டுப் புறப்படுவது நல்லது. நம்பரைக் கிளினிக் கொப்பியில் எழுதி வாங்குங்கள்.

அப்புறம் ரிப்போர்ட். வெட்டி எடுத்த கழலையைப் பதோலொஜி சோதனைக்கு அனுப்புவார்கள், அதன் முடிவு வரச் சில கிழமை எடுக்கும். ஊசி டெஸ்டில் ஒன்றுமில்லை என்றாலும் முழுக் கட்டியைப் பார்க்கும்போது உள்ளே ஒரு மூலையில் புற்று இருந்தது தெரிய வரலாம். நம் சனம் இங்கேதான் கோட்டை விடுகிறது. புண் ஆறிவிட்டது, தையல் பிரித்தாயிற்று, இன்னொரு நாள் பேரைக் கெடுத்துக்கொண்டு எதற்குப் போவது என்று விட்டுவிடுவார்கள். என் மாமியாரின் ரிப்போர்ட் வேறொரு ஆஸ்பத்திரியில் நாலு மாதம் பைலுக்குள் கிடந்தது, அவர்களும் கூப்பிடவில்லை, நர்ஸாக இருந்துகொண்டு நானும் கேட்கவில்லை, இன்றைக்கும் அதற்கு எனக்கு வெட்கம்தான். நல்ல காலம், அதில் ஒன்றும் இருக்கவில்லை. டிக்கட் வெட்டுகிற அன்றைக்கே "ரிப்போர்ட் எப்ப, எங்க, யார்கிட்ட" என்ற மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், அந்தத் திகதிக்கு நீங்களே கொழும்பிலிருந்து லீவு போட்டு வாருங்கள்.

கடைசியாக மாத்திரை. தைரொக்சினை காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு குடிக்க வேண்டும், குறைந்தது அரை மணித்தியாலத்துக்கு வேறு ஒன்றும் வயிற்றுக்குள் போகக் கூடாது. கல்சியம் மாத்திரை கொடுத்திருந்தால் அதற்கும் இதற்கும் 4 மணித்தியால இடைவெளி வேண்டும், இரண்டையும் ஒன்றாக வாயில் போட்டால் தைரொக்சின் உடம்பில் சேராது. தோட்டத்தில் இது லேசு இல்லை, எனக்குத் தெரியும். ஐந்து மணிக்கு அடுப்பு மூட்டியதும் தேத்தண்ணி குடித்தால்தான் அம்மாவுக்கு உடம்பே அசையும். நான் என் நோயாளிகளுக்குச் சொன்னது இதுதான்: மாத்திரைப் போத்தலையும் ஒரு கிளாஸ் தண்ணீரையும் ராத்திரியே தலைமாட்டில் வைத்துவிட்டுப் படுக்க வேண்டும், கண் விழித்ததும் முதலில் அது, பிறகு எழுந்து முகம் கழுவி, கூட்டி, அடுப்பு மூட்டி, தண்ணீர் கொதித்து வர எப்படியும் அரை மணித்தியாலம் ஆகிவிடும். ஒரு நாள் மறந்தால் பதற வேண்டாம், மருந்து உடம்பில் பல நாள் நிற்கும். ஆறிலிருந்து எட்டுக் கிழமையில் இரத்தம் பார்த்து அளவைக் கூட்டிக் குறைப்பார்கள், அந்த அளவு எவ்வளவு என்பதை நீங்களும் உங்கள் போனில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.